முப்பது ஆண்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: ஐயா, நான் முதல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்ற உறுப்பினர். எங்கள் நகரின் குடிநீர் வழங்கலை 30 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் தீர்மானம் விரைவில் மன்றத்துக்கு வருகிறது. "நகராட்சியிடம் பணம் இல்லை, பாதித் தண்ணீர் கசிந்தே வீணாகிறது, இணைப்பு இல்லாத ஏழைகள் லாரித் தண்ணீருக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள், கம்பெனி வந்தால் முதலீடும் திறமையும் வரும்" என்கிறார்கள் அதிகாரிகள். அவர்கள் சொல்லும் குறைகள் அத்தனையும் உண்மை. தனியார்மயத்துக்குப் பின் அர்ஜென்டினாவில் குழந்தை இறப்பு குறைந்தது என்று ஓர் ஆய்வையும் காட்டினார்கள். எதிர்க்கும் எங்களிடம் "தண்ணீர் வியாபாரப் பொருள் அல்ல" என்ற முழக்கம் மட்டுமே இருக்கிறது. மற்ற வளரும் நாடுகளில் என்னதான் நடந்தது? மன்றத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குறைகள் உண்மை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டீர்களே, அதுதான் உங்கள் பலம். தனியார்மயத்தை எதிர்ப்பவர்களில் பலர் நகராட்சியின் குறைகளை மறைக்கப் பார்ப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குழாயில் தண்ணீர் பார்க்கும் மக்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நான் குடிநீர்த் திட்டப் பொறியாளர். பணிக்காலத்தின் பின்பாதியில் குழாய்களைவிட ஒப்பந்த ஆவணங்களோடுதான் அதிகம் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தத் தீர்மானத்தை ஆதரிக்காதீர்கள். தனியார் நடத்துபவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. இவ்வகை ஒப்பந்தத்தில் லாபம் ஒரு பக்கம் போகிறது, நஷ்டத்துக்கான பொறுப்பு ஊர்ப் பக்கம் திரும்புகிறது. தவறு தெரியவரும்போது அதைத் திருத்தும் அதிகாரம் ஊரிடம் இருப்பதில்லை. வளரும் நாடுகளில் நடந்ததை இந்த ஒரு கண்ணோட்டத்தில் பார்த்தால் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

தொலைபேசியில் ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறலாம். ஒரு தெருவில் இரண்டு கம்பெனிகள் இரண்டு குடிநீர்க் குழாய் புதைக்கப் போவதில்லை. அதனால் இந்தத் தொழிலில் போட்டி என்பது ஒரே ஒரு நாள்தான், டெண்டர் திறக்கும் நாள். அந்த ஒரு நாளும் பல இடங்களில் வெறும் சடங்காகவே முடிந்தது. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் 1999இல் வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் நகரிலும் முதற்கட்டத் தேர்வில் பல நிறுவனங்கள் இருந்தும் கடைசியில் விலைப்புள்ளி கொடுத்தது ஒரே ஒரு கூட்டு நிறுவனம். அந்நாட்டுக்குக் கிடைக்கவிருந்த கடன் தள்ளுபடியோடு இந்தச் சீர்திருத்தமும் நிபந்தனையாகக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே "போட்டி இல்லை, மறுபடி டெண்டர் விடுவோம்" என்று சொல்லும் நிலையில் அரசு இல்லை.

போட்டி இருந்த இடத்திலும் வேறொரு சிக்கல். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை 1997இல் கிழக்கு, மேற்கு என இரண்டு மண்டலமாகப் பிரித்து 25 ஆண்டுக்குக் கொடுத்தார்கள். அப்போது அரசு நிறுவனத்தின் கட்டணம் கன மீட்டருக்கு 8.78 பெசோ. வென்றவர்கள் கேட்டதோ கிழக்கில் 2.32, மேற்கில் 4.96. மக்கள் மகிழ்ந்தார்கள். ஏலத்துக்கு முந்தைய ஆண்டுதான் அரசு கட்டணத்தைக் கணிசமாக உயர்த்தியிருந்தது என்பதும், இவ்வளவு குறைந்த விலையில் யாராலும் ஊரை நடத்த முடியாது என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பத்து ஆண்டுக்குள் இரு மண்டலங்களிலும் கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. குறைத்துக் கேட்டு ஒப்பந்தத்தைப் பிடிப்பது, பிறகு பேச்சுவார்த்தையில் உயர்த்திக்கொள்வது: இந்தத் துறையில் இது விதிவிலக்கே அல்ல. லத்தீன் அமெரிக்கக் குடிநீர், கழிவுநீர் ஒப்பந்தங்களை ஆராய்ந்த ஓர் உலக வங்கிப் பொருளியலாளர், அவற்றில் சுமார் 74 சதவீதம் மறுபேச்சுக்கு, அதாவது விதிமுறைகளை மாற்றும் புதிய பேச்சுவார்த்தைக்கு, வந்ததாகவும், சராசரியாக இரண்டு ஆண்டுகூட ஆவதற்கு முன்பே அது நடந்ததாகவும் கண்டார். ஆகவே டெண்டரில் வந்த விலையை விலை என்று நம்பாதீர்கள். அது உள்ளே நுழைவதற்கான விலை மட்டுமே. மறுபேச்சு நடக்கும் நாளில் போட்டியாளர் யாரும் இருக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில்தான் உங்கள் ஊரின் குழாய் வரைபடம், மீட்டர் கணக்கு, பம்பு இயக்கும் ஆட்கள் எல்லாம் இருக்கும்.

கொச்சபம்பாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போராட்டம் மட்டுமே நினைவில் நிற்கிறது, ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது மறந்துவிடுகிறது. 40 ஆண்டு ஒப்பந்தம். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 15 முதல் 17 சதவீதம் லாபம் உறுதி. மிசிக்குனி என்ற பெரிய அணைத் திட்டத்தின் செலவும் நுகர்வோர் தலையில். இதைவிடக் கொடுமை, மக்கள் தங்கள் கைப்பணத்திலும் உழைப்பிலும் தோண்டிய கூட்டுறவுக் கிணறுகள்கூட நிறுவனத்தின் ஏகபோக உரிமைக்குள் வரும்படி சட்டமும் ஒப்பந்தமும் அமைந்திருந்தன. நகராட்சிக் குழாய் எட்டாத தென்பகுதி மக்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட தண்ணீர் அது. 2000 ஜனவரியில் பில் வந்தபோது பலருக்குக் கட்டணம் இரு மடங்கும் அதற்கு மேலும் உயர்ந்திருந்தது. ஏப்ரலில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதன் பிறகுதான் ஒப்பந்தம் ரத்தானது. கம்பெனி அதோடு விடவில்லை. இடையில் தன் உரிமையாளர் வரிசையில் ஒரு நெதர்லாந்து நிறுவனத்தைச் சேர்த்திருந்ததால், அந்நாட்டுக்கும் பொலிவியாவுக்கும் இருந்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்தில் வழக்குத் தொடுத்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் 2006இல் பெயருக்கு 2 பொலிவியானோவை (அந்நாட்டு நாணயம்) ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும், உங்கள் எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்வார்கள். ஊர் மீட்டெடுத்த பிறகும் அங்கே பொது நிறுவனம் எளிதில் சீரடையவில்லை. ஊழல், ஆள்மிகுதி, அதே கசிவு. தென்பகுதியில் நெடுங்காலம் குழாய் போய்ச் சேரவில்லை. கம்பெனியை வெளியேற்றுவது வேறு, குடிநீர் நிர்வாகத்தைச் சீர்செய்வது வேறு. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் தானாக நடந்துவிடும் என்று மன்றத்தில் பேசிவிடாதீர்கள்.

அந்நியச் செலாவணி விஷயத்தை உங்கள் நகராட்சியின் நிதி அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். குடிநீர்க் கட்டணம் உள்ளூர்ப் பணத்தில் வருகிறது. பெரிய நிறுவனங்கள் வாங்கும் கடன் பெரும்பாலும் டாலரில். உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு சரிந்தால் அந்த இடைவெளியை யார் நிரப்புவது? மணிலாவின் மேற்கு மண்டலத்தை எடுத்த நிறுவனம் பழைய அரசு நிறுவனத்தின் டாலர் கடனில் சுமார் 90 சதவீதத்தை ஏற்றிருந்தது. சில வாரங்களில் ஆசிய நிதி நெருக்கடி முற்றியது. 2001இல் அரசுக்குச் செலுத்த வேண்டிய ஒப்பந்தக் கட்டணத்தை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தையே கைவிடுவதாக அறிவித்தார்கள், கடைசியில் அரசு தலையிட்டுத் தாங்கிப் பிடித்த பிறகு 2007இல் வேறு கைக்கு மாறியது. கிழக்கு மண்டலம் நன்றாகவே நடந்தது, கசிவு 63 சதவீதத்திலிருந்து சுமார் 11 சதவீதமாகக் குறைந்தது, அதை நான் மறைக்கவில்லை. அதே நகரம், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே ஒப்பந்தம். கடன் சுமை யார் பக்கம் விழுந்தது என்பதே இரண்டின் விதியையும் பெருமளவு தீர்மானித்தது.

மக்கள் அதிகம் அறியாதது ஜகார்த்தாவில் நடந்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமான பாடம். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1997இல், நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 25 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது. உள்ளூர்ப் பங்காளிகளாக வந்தவர்கள் அதிபரின் மகனும் அவருக்கு நெருக்கமான ஒரு தொழில் குழுமமும். மக்கள் கட்டும் கட்டணம் ஒன்று, நிறுவனத்துக்கு நகரம் கொடுக்க வேண்டிய தொகை வேறொன்று என்று ஒப்பந்தத்தில் பிரித்துவிட்டார்கள். நிறுவனத்தின் தொகை விலைவாசி, நாணய மதிப்பு ஆகியவற்றோடு இணைக்கப்பட்டுத் தானாக ஏறும். மக்கள் கட்டணத்தை உயர்த்த அரசியல் முடிவு வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளம் முழுவதும் பொது நிறுவனத்தின் கடனாக ஏறியது. வீட்டை வாடகைக்கு விட்டவர் வாடகைதாரருக்கே மாதாமாதம் பாக்கிப்படுவது போன்ற நிலை. ஏழைப் பகுதியில் குறைந்த கட்டணத்தில் ஒரு புதிய இணைப்பு கொடுத்தால் நகரத்தின் கடன் இன்னும் கூடும். சேவையை விரிவுபடுத்த வேண்டிய பொது நிறுவனத்துக்கு, விரிவுபடுத்தினால் நஷ்டம் என்ற கணக்கு உருவாகிவிட்டது. கசிவு 40 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 2017இல் தனியார்மயத்தை நிறுத்தச் சொல்லியும், பின்னர் மறுசீராய்வில் அந்தத் தீர்ப்பு மாறியது. 2023 தொடக்கத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகே தண்ணீர் நகரத்தின் கைக்குத் திரும்பியது. நடுவில் ஓர் ஆட்சி கவிழ்ந்து, பல தேர்தல்கள் நடந்து, ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அந்த 25 ஆண்டில் வாக்காளர்கள் எந்தத் தேர்தலிலும் இந்த ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இடையில் ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினா. புவனோஸ் ஐரிஸ் நகரை 1993இல் 30 ஆண்டுக்கு எடுத்த கூட்டு நிறுவனம், கட்டணத்தை 26.9 சதவீதம் குறைப்பதாகச் சொல்லி வென்றது. அடுத்த ஆண்டே கட்டண உயர்வுக்கு அனுமதி கிடைத்தது. புதிய இணைப்புக்கான உள்கட்டமைப்புக் கட்டணம் ஏழைக் குடும்பங்களால் கட்ட முடியாத உயரத்துக்குப் போனது. கட்ட முடியாதவர்கள் குவிந்ததும், 1997 மறுபேச்சில் அந்தச் சுமையை எல்லாருடைய பில்லிலும் பரப்பினார்கள். லாபம் தராத கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணிகள் தள்ளிக்கொண்டே போயின. நெருக்கடியில் 2002இல் பெசோ சரிந்தபோது அரசு கட்டணத்தை உறையவைத்தது. 2006இல் ஒப்பந்தம் ரத்து. 2015இல் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம், அந்நாடு நிறுவனங்களுக்குச் சுமார் 40.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. நெருக்கடிக் காலத்தில் மக்களின் தண்ணீர்க் கட்டணம் ஏறாமல் தடுத்ததும் அந்த வழக்கின் ஒரு பகுதி. தான்சானியா 10 ஆண்டு ஒப்பந்தத்தை இரண்டே ஆண்டில், 2005 மே மாதம், ரத்து செய்தது. அதன் மீதும் வழக்கு. 2008இல் தீர்ப்பாயம், உடன்படிக்கையை அரசு மீறியதாகச் சொன்னாலும் இழப்பீடு எதுவும் வழங்கவில்லை. தான்சானியா வென்றது என்று சொல்லலாம். ஓர் ஏழை நாடு தன் தலைநகரத்துத் தண்ணீருக்காக மூன்றாண்டு வெளிநாட்டு வழக்கறிஞர்களோடு அலைந்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

இப்போது அந்தக் குழந்தை இறப்பு ஆய்வு. அது நேர்மையான ஆய்வு, அதைத் தள்ளிவிடாதீர்கள். 1990களில் தனியார்மயமான அர்ஜென்டின நகராட்சிகளில் குழந்தை இறப்பு சுமார் 8 சதவீதம் குறைந்ததாகவும், மிக ஏழ்மையான இடங்களில் இன்னும் அதிகமாகக் குறைந்ததாகவும் அது காட்டியது. ஆனால் குழந்தைகளைக் காப்பாற்றியது சுத்தமான தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததுதான். பங்குப் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பது அல்ல. அந்த முதலீட்டுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி கடனாகவும் நுகர்வோர் கட்டணமாகவுமே வந்தது. சர்வதேச நிதி நிறுவனங்கள் கம்பெனிக்குக் கொடுத்த அந்தக் கடனை, நல்ல நிர்வாகம் உள்ள பொது நிறுவனத்துக்கும் கொடுக்க முடியும். "நகராட்சியிடம் பணம் இல்லை" என்று சொல்பவரிடம், கம்பெனி எங்கிருந்து பணம் கொண்டுவரப் போகிறது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் வங்கி, அரசு மானியம், உங்கள் மக்களின் பில் என்ற மூன்றில் அடங்கிவிடும்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டணம் வராத குடிநீர்த் துறை பம்பைப் பழுதுபார்க்க முடியாது. அப்போது தண்ணீர் முதலில் நிற்பது ஏழைத் தெருவில்தான். ஆனால் முழுச் செலவையும் வசூலித்தே தீருவது என்ற கொள்கை யார் கையில் இருந்தாலும் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் சில கிராமப் பகுதிகளில் இலவசக் குழாய்களுக்கு முன்பணக் கட்டண முறை வந்தது. கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்கும் குட்டைக்கும் திரும்பினார்கள். 2000 ஆகஸ்டில் அங்கே தொடங்கிய காலரா, பரவி அடங்குவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே நிர்வாகத்தில் இருந்தது வெளிநாட்டுக் கம்பெனி அல்ல, பொது அமைப்பு. நடைமுறைக்கு வந்ததோ கம்பெனியின் கணக்கு. அதனால்தான் "தனியாருக்குக் கொடுக்க மாட்டோம்" என்பதோடு உங்கள் பேச்சு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைக் காட்டுங்கள். உள்நாட்டுப் போரில் சிதைந்த நகரம். 1993இல் எக் சோன் சான் என்ற பொறியாளர் அங்கே பொதுக் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, நகரத்தில் நான்கில் ஒரு பங்கு மக்களுக்கே குழாய்த் தண்ணீர், அதுவும் நாளில் பத்து மணி நேரம். கசிவாலும் திருட்டாலும் கணக்கில் வராத நீர் 72 சதவீதம். அவர் தொடங்கிய இடம் வீடுவீடான கணக்கெடுப்பு. பிறகு எல்லா இணைப்புக்கும் மீட்டர். சட்டவிரோத இணைப்புகளால் லாபம் பார்த்த சொந்த ஊழியர்கள் மேல் நடவடிக்கை, நன்றாக வேலை செய்தவர்களுக்கு ஊக்கத்தொகை. பாக்கி வைத்தவர் படைத் தளபதியானாலும் இணைப்பு துண்டிப்பு. ஒரு தளபதி வீட்டில் துப்பாக்கி முனையில் நிற்க வேண்டி வந்ததை அவரே சொல்லியிருக்கிறார். கட்டணம் படிப்படியாக உயர்ந்தது, ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் மானியமும் தவணையும் கிடைத்தன. 2010 வாக்கில் 24 மணி நேரமும் தண்ணீர், நகரத்தில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இணைப்பு, கணக்கில் வராத நீர் சுமார் 6 சதவீதம். வெளிநாட்டு உதவியும் கடனும் நிறைய வந்தன. அவற்றைப் பெற்று நடத்தியது அரசு நிறுவனம். 2012இல் அதன் பங்குகளில் ஒரு சிறு பகுதி சந்தைக்கு வந்தது, பெரும்பான்மை அரசிடமே இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது நகராட்சிக் கணக்கிலிருந்து பிரிந்த தனிக் கணக்கும், ஆட்களை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரமும், மேலிருந்து ஆதரவும். உங்கள் நகராட்சி இந்த மூன்றையும் தன் பொறியாளருக்கு ஒருநாளும் கொடுத்துப் பார்த்திருக்காது. கொடுக்காமலே "அரசால் முடியாது" என்ற முடிவுக்கு வருவது நியாயம் இல்லை.

இன்னொன்று. 2010 வாக்கில் உலகின் மிகப்பெரிய இரண்டு குடிநீர்க் கம்பெனிகளின் சொந்த ஊர் பாரிஸ். கால் நூற்றாண்டு தனியார் ஒப்பந்தத்துக்குப் பின் அதே ஆண்டில் அந்நகரமே தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் சுமார் 3.5 கோடி யூரோ மிச்சம் பிடித்தது, அடுத்துக் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. ஒப்பந்தக் காலம் தானாக முடியும்வரை காத்திருந்து, இடைப்பட்ட காலத்தில் கணக்கையும் ஆட்களையும் தயார் செய்துகொண்டு எடுத்ததால்தான் அது சுமுகமாக நடந்தது.

மன்றத்தில் கேட்க வேண்டியவை. முதலில் முழு வரைவு ஒப்பந்தத்தைக் கேளுங்கள், சுருக்கக் குறிப்பை ஏற்காதீர்கள். விஷயம் எல்லாம் பின்னிணைப்புகளில் இருக்கும். உறுதி செய்யப்பட்ட லாப விகிதம் உண்டா? தண்ணீர் விற்றாலும் விற்காவிட்டாலும் நகராட்சி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை உண்டா? கட்டணம் டாலரோடோ விலைவாசியோடோ தானாக ஏறுமா, மன்றத்தின் ஒப்புதலோடு ஏறுமா? கம்பெனிக்குச் சேரும் தொகையும் மக்கள் கட்டும் கட்டணமும் ஒன்றா, ஜகார்த்தாவைப் போல இரண்டா? புதிய இணைப்புகள் சதவீதமாக எழுதப்பட்டிருந்தால், எந்த வார்டில் எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள் என்று மாற்றச் சொல்லுங்கள். சதவீதம் என்று இருந்தால் வசதியான தெருக்களைக் காட்டியே இலக்கை எட்டிவிடலாம். கட்ட முடியாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்கலாமா, பொதுக்குழாய்களை மூடலாமா, வீட்டுக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் யார் அதிகாரத்தில் வரும்? தகராறு வந்தால் உள்ளூர் நீதிமன்றமா, வெளிநாட்டு நடுவர் மன்றமா? நகராட்சியே முடித்துக்கொண்டால் கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்கிடும் முறை என்ன? மீட்டர் விவரமும் குழாய் வரைபடமும் யார் சொத்து?

கடைசியாகச் சொன்னதை அலட்சியமாக விடாதீர்கள். இன்று நகராட்சியிடம் கசிவு எவ்வளவு, இணைப்பு எவ்வளவு என்பதற்குச் சரியான அளவீடு இருக்கிறதா? இல்லையென்றால் கம்பெனி என்ன சாதித்தது, என்ன சாதிக்கவில்லை என்பதை ஒருபோதும் நிரூபிக்க முடியாது. ஆகவே தீர்மானத்தை நிராகரிக்க உங்களுக்குப் பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்தால், ஒரு திருத்தம் கொண்டு வாருங்கள்: ஓராண்டுக்கு ஒப்பந்தத்தை ஒத்திவைத்து, அந்த ஓராண்டில் நீர் எடுக்கும் இடம் முதல் வீட்டு மீட்டர் வரை நகராட்சியே அளவெடுத்து, குடிநீருக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும் என்று. தனியார்மயத்தை ஆதரிப்பவருக்கும் இதை எதிர்க்கக் காரணம் கிடைப்பது கடினம். அளவீடு முடிந்த பின், மிக அதிகமாகக் கசியும் இரண்டு மூன்று மண்டலங்களை மட்டும் எடுத்துச் சீர்செய்தால் என்ன செலவு, எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று பொறியாளர் கணக்குக் கொடுக்கட்டும். சில பணிகளைத் தனியாரிடம் கொடுக்கலாம். குழாய் பதிப்பது, மீட்டர் மாட்டுவது, கசிவு கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்கு ஓரிரு ஆண்டு வேலை ஒப்பந்தம் போதும், தவறினால் அடுத்த ஆண்டு வேறொருவர். கட்டணம், விநியோகம், நீர் எடுக்கும் இடம் ஆகிய மூன்றும் மட்டும் மன்றத்தின் கையை விட்டுப் போகக் கூடாது.

திருத்தமும் தோற்றால் உங்கள் கேள்விகளையும் எதிர்ப்பையும் எழுத்தில் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபேச்சு வரும் நாளில், அது சில ஆண்டுகளிலேயே வரக்கூடும், அப்போது மன்றத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காகிதம் தேவைப்படும். வரைவு ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பின்னிணைப்புகளோடு எனக்கு அனுப்புங்கள், படித்து எழுதுகிறேன்.